பரிபூரணம் தின்ற முதல் சோறு

“வருஷா வருஷம் சோறு ஆறிப்போகுது, பிள்ளைக பசியில அழுது, ஊரே வெயில்ல நிக்கு. ஆக்கினவ ஒருத்தி நட்டநடுவுல சம்மணம் போட்டுத் தின்னுக்கிட்டிருப்பா, நாம சுத்தி நின்னு அவளுக்குப் பாட்டுப் படிக்கணும். என்ன மதினி கூத்து இது? பெங்களூர்ல எந்த ஹோட்டல்லயாவது சமையல்காரன் தின்னு முடிக்கட்டும்னு நம்மளைக் காக்க வைக்கானா?”

இதுதானே நீ சொன்னது, ஸ்டான்லி? ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. சந்தேகம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற உன் பெண்டாட்டியைக் கேள். அண்ணன் பெண்டாட்டியிடம் முறைப்பாடு சொல்லியாயிற்று, இனி நான் சொல்வதையும் கேட்டுவிட்டுப் போ. கோவில் பண்டிகைக்கு நாலு வருஷத்துக்கு ஒரு தரம் வருகிறாய். ஊரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து அசனச் சாப்பாடு சாப்பிடுகிறாய். வந்த அன்றைக்கே வழக்கத்தை மாற்றணும் என்கிறாய். மாற்றலாம். எதை மாற்றுகிறோம் என்று தெரிந்துகொண்டு மாற்று. அடுப்பில் சோறு இன்னும் இறங்கவில்லை. இறங்குகிற வரைக்கும் எல்லாரும் இப்படி வேப்பமரத்தடியில் உட்காருங்கள், சொல்கிறேன். குறுக்கே பேசக் கூடாது. எனக்குப் பொறுமை கிடையாது என்று ஊருக்கே தெரியும்.

முன்னே ஒரு காலம், ரொம்ப ரொம்ப முன்னே. இந்தக் கூந்தப்பனைவிளையில் பனை இருந்தது, பாதை இல்லை. கோவில் இருந்தது, மணி இல்லை. வானம் இருந்தது, மழை இல்லை. மழை இல்லாமல் ஒரு வருஷம் போயிற்றாம். இன்னொரு வருஷமும் போயிற்றாம். அதற்கு மேல் என்ன ஆயிற்று என்று கேட்பானேன், பஞ்சம் ஆயிற்று. திராணி உள்ள ஆம்பிளைகள் எல்லாம் தோட்ட வேலைக்குக் கண்டிச் சீமைக்குக் கப்பலேறினார்களாம். ஊரில் மிஞ்சினது பெண்டுகளும் கிழடுகளும் பிள்ளைகளும்தானாம்.

அந்தக் காலத்திலே பரிபூரணம், பரிபூரணம் என்று ஒருத்தி இருந்தாளாம். அழகி என்று ஒருத்தரும் சொன்னதில்லை. வாய்க்காரி என்று எல்லாரும் சொன்னார்களாம். புருஷன் கண்டியில். வீட்டில் ஒரு மாமியார், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. மாமியாருக்கும் மருமகளுக்கும் கீரிக்கும் பாம்புக்கும் உள்ள உறவு. பக்கத்து விளைக்காரி தங்கக்கனியோடு எல்லைப் பனை ஒன்றுக்காகச் சண்டை, பேச்சு வார்த்தை இல்லை. இப்படி ஒருத்தி. புண்ணியவதி என்று சொல்லுவேன் என்று நினைத்தாயா? இல்லை, நம்மைப் போல ஒருத்திதான்.

பிடியரிசி தெரியும் இல்லையா? உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசி எடுத்து, இது ஆண்டவருக்கு என்று தனியாக ஒரு கலயத்தில் போடுவது. நான் இன்றைக்கும் போடுகிறேன். அவர்கள் பஞ்சத்திலும் போட்டார்களாம். அரிசி இல்லாத வீட்டில் குருணை போட்டார்களாம். குருணையும் இல்லாத வீட்டில் சாமை போட்டார்களாம். பிள்ளை பசிக்கிறது என்று அழுமாம், தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவாளாம். அது சரியா, தப்பா என்று என்னிடம் வழக்குக்கு வராதே. அவர்களிடம் போய்க் கேள், அவர்கள் மேலே இருக்கிறார்கள்.

பிறகு ஒரு நாள் மழை பெய்ததாம். எப்படிப்பட்ட மழை? பனங்கொட்டை மண்ணுக்குள்ளே கண் திறக்கிற மழை. ஊரே கோவிலுக்கு ஓடியதாம். அங்கே பாதிரியாருக்குப் பதிலாக ஊர்க்கோவிலைப் பார்த்துக்கொண்டிருந்த உபதேசியார் சொன்னாராம், மழை தந்தவருக்கு நன்றி சொல்லி, இருக்கிற பிடியரிசியை எல்லாம் ஒன்றாகப் போட்டு அசனம் ஆக்குவோம், ஒரு வேளையாவது இந்த ஜனம் வயிறு நிறையத் தின்னட்டும் என்று. எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் ஆக்குவது யார்? அசனச் சோறு அதுவரைக்கும் ஆம்பிளைகள்தான் ஆக்குவது வழக்கமாம். ஆக்குகிற ஆம்பிளைகள் கண்டியில். இருந்த கிழவர்கள் தலையைச் சொறிந்தார்களாம், பொம்பிளை கைபட்டால் கோவில் சோறு விளங்குமா என்றார்களாம். பரிபூரணம் அவர்களைப் பார்த்து, தினமும் உங்கள் வீட்டில் ஆக்கிப் போடுவது எந்த ஆம்பிளை என்று கேட்டாளாம். கேட்டுவிட்டு, சோறு கிண்டுகிற துடுப்பைக் கையில் எடுத்துவிட்டாளாம்.

ஆக்கினது கூட்டாஞ்சோறு. அரிசி, பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்கீரை, எல்லாம் ஒரே அண்டாவில். அதில் ஒரு சங்கடம் இருந்தது. இருக்கிறது எல்லா வீட்டு அரிசியும் இல்லையா? ஒரு வீட்டு அரிசி சீக்கிரம் குழைந்துவிடும். ஒரு வீட்டு அரிசி கல்லு மாதிரி கிடக்கும். குருணை அடியில் போய்ப் பிடிக்கும், சாமை மேலே மிதக்கும். பிடியரிசி ஆக்குகிறவள் அண்டாவை மூடிவிட்டுப் போக முடியாது. திறந்து வைத்துக் கிண்டிக்கொண்டே நிற்கணும். பரிபூரணம் அப்படித்தான் நின்றாளாம். மழைக்குப் பயந்து அடுப்புக்கு மேலே பழைய ஓலையில் ஒரு கொட்டகை போட்டிருந்தார்களாம்.

கூட இருந்த பெண்டுகள் எல்லாம் இலை போடப் போன நேரம். அவள் கண் முன்னாலேயே அண்டாவுக்குள்ளே ‘சொத்’ என்று ஒன்று விழுந்ததாம்.

பரிபூரணம் உள்ளே பார்த்தாளாம். ஆவிதான். மேலே பார்த்தாளாம். ஓலைதான். துடுப்பால் கிண்டினாள், கிடைக்கவில்லை. அகப்பையால் அள்ளிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. நுனி உளுத்துப் போன ஓலைத் துண்டாகவும் இருக்கலாம். பல்லியாகவும் இருக்கலாம். பல்லி விழுந்த சோறு என்றால் நம் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், அது விஷம்.

அங்கே பந்தியில் ஊரே உட்கார்ந்தாயிற்று. பருப்பு வாசம் வருகிறது. சில பிள்ளைகளுக்கு அது என்ன வாசம் என்றே தெரியவில்லையாம், அம்மா இது என்னது, அம்மா இது என்னது என்று கேட்டனவாம். இந்தச் சோற்றைக் கொட்டினால் ஊரில் வேறு ஒரு மணி அரிசி கிடையாது. கொட்டாமல் பரிமாறினால் பார்த்தவர் ஒருத்தரும் கிடையாது. விழுந்தது அவளுக்குத் தெரியும். மேலே இருக்கிறவருக்குத் தெரியும். அவ்வளவுதான்.

நான் படித்த கான்வென்ட்டில் நீதிபோதனை வகுப்பு உண்டு. உண்மை சொன்னவளைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லுவார்கள். எல்லாக் கதையிலும் கடைசியில் ஒரு தேவதை வந்து ஏதாவது கொடுத்துவிட்டுப் போகும். இதில் தேவதை வராது, இப்போதே சொல்லிவிட்டேன்.

பரிபூரணம் நேரே உபதேசியாரிடம் போனாளாம். ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாளாம். அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் வயிறும் முதுகோடு ஒட்டிக் கிடந்த வயிறுதான்.

“கண்ணால பாத்தியா?” என்றாராம்.

“விழுந்ததைப் பாத்தேன். விழுந்தது என்னதுன்னு பாக்கலை.”

“அப்ப ஓலைதான். ஜெபம் பண்ணிட்டுப் பரிமாறு. நம்பித் திங்கிறவனுக்கு விஷம் ஏறாது.”

“நம்பித் திங்கிறவங்களுக்கு ஏறாது ஐயா. தெரிஞ்சே போடுதவளுக்கு?”

உபதேசியார் பந்தியைத் திரும்பிப் பார்த்தாராம். பிறகு மெதுவாகச் சொன்னாராம், நீ வெளியே சொன்னால் ஒருத்தரும் தொட மாட்டார்கள், கொட்டத்தான் வேண்டும், கொட்டினால் பொழுது சாயும் முன்னே இரண்டு கிழடாவது சுருண்டு விழும், அந்தப் பாவம் யாருக்கு என்று. அதுவும் நியாயம்தானே? அவர் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரிபூரணத்துக்கும் வரவில்லையாம்.  திரும்பி அடுப்படிக்குப் போனாளாம். ஒரு வாழை இலையை எடுத்தாளாம். அண்டாவின் மேலே ஒரு அகப்பை, நடுவே ஒரு அகப்பை, அடியிலே ஒரு அகப்பை அள்ளி இலையில் வைத்தாளாம். இலையைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு நடுவே வந்தாளாம். குழந்தையை மாமியார் மடியில் போட்டாளாம்.

ஒரு வாய்க்காரி பேச வந்தால் ஊர் எப்படிச் சலிக்கும்? சலித்ததாம். இவள் ஆரம்பித்துவிட்டாள் என்று ஒரு கிழவர் முனகினாராம். அவள் சொன்னாளாம்:

“எல்லாரும் கேளுங்க. அண்டாவுல ஒண்ணு விழுந்தது. ஓலையா இருக்கும், பல்லியா இருக்கும், எனக்குத் தெரியலை. தேடினேன், கிடைக்கலை. கொட்டவும் மனசில்லை, மறைக்கவும் மனசில்லை. நான் திங்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நீங்க தின்னுங்க. ஆச்சுன்னா கொட்டிருங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாளாம்.  முதலில் அசைந்தது யார் தெரியுமா? அந்த மாமியார்க்காரி. தட்டுத்தடுமாறி வந்து மருமகள் கையைப் பிடித்தாளாம்.

“ஏட்டி, எந்திரி. நான் கட்டை போற காலத்துல கெடக்கேன். நான் தின்னுட்டு உக்காந்திருக்கேன். நீ போயிட்டா இந்தப் பச்சை மண்ணுக்கு யாரு பால் குடுக்கது?”

“பாத்த கண்ணு என்னுது அத்தை. திங்க வேண்டிய வாயும் என்னுதுதான்.”

கிழவி கையை விட்டாளாம். அவள் தின்றாளாம்.

தின்றது எப்படி என்று நினைக்கிறாய்? பயத்தோடு தின்றாள் என்று நினைப்பாய். எங்கள் மாமியார், அதுதான் உன் அம்மா, சொல்லும்போது இந்த இடத்தில் குரல் இறங்கிவிடும். அவளும் பட்டினி கிடந்தவள்தானே? சுடுசோறு நாக்கில் பட்டதும் ருசி தாங்காமல் கண்ணில் நீர் வந்துவிட்டதாம். சுற்றி எல்லாப் பிள்ளைகளும் அவள் வாயையே பார்க்கிறார்கள். அத்தனை பசிக்கு நடுவில் தான் மட்டும் மெல்லுகிறோமே என்ற வெட்கம் விஷத்தைவிடக் கசந்ததாம். தலையைக் குனிந்துகொண்டு ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தாளாம்.

பிறகு காத்திருந்தார்களாம். மாமியார் குழந்தையை மருமகள் முன்னால் துணியில் கிடத்திவிட்டுப் போய், அவளுக்குப் பின்னால் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தாளாம். விழுந்தால் தெரியட்டும் என்றாளாம் கிழவி. சாய்ந்துகொள்ளட்டும் என்றுதான் உட்கார்ந்தாள் என்று ஊருக்குத் தெரிந்ததாம்.

அப்போது குழந்தை அழுததாம். பால் கேட்டு அழுததாம். தாய் உடம்பில் விஷம் இருக்கிறதோ என்னவோ, எப்படிக் கொடுப்பாள்? கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடியே இருந்தாளாம். அழுகை ஏற ஏற அவள் மாரில் பால் கட்டிச் சேலை நனைந்ததாம். பார்த்த பெண்டுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். தங்கக்கனி, அந்த எல்லைப் பனைக்காரி, அவளும் பிள்ளை பெற்றவள், எழுந்து வந்தாளாம்.  குழந்தையைத் தூக்கினாள். திரும்பி உட்கார்ந்தாள். மாராப்பை விலக்கிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே சொன்னாளாம்:

“உன் வாயி அப்படியே இருக்கு இவனுக்கு. கடிக்கான்.”

பரிபூரணம் சிரித்துவிட்டாளாம். அவள் சிரிக்கவும் ஊருக்கு மூச்சு வந்ததாம். கேட்டுக்கொண்டாயா ஸ்டான்லி, அந்தக் கடித்த பிள்ளைதான் உங்கள் வம்சத்துக்கு மூத்தவர். உன் அண்ணனுக்கும் அந்தப் பல் இன்னும் இருக்கிறது, விடு.

 சும்மா இருப்பது தாங்காமல் உபதேசியார் ஒரு கீர்த்தனையைத் தொடங்கினாராம். முதல் அடியிலேயே அவர் குரல் உடைந்ததாம். ஜனம் எடுத்துக்கொண்டதாம். ஒரு சரணம் பாடி முடிப்பார்களாம். கிழவி திரும்பாமல் கேட்பாளாம், “ஏட்டி, இருக்கியா?”

“இருக்கேன் அத்தை.”

அடுத்த சரணம் பாடுவார்களாம். “ஏட்டி, இருக்கியா?”

“இருக்கேன் அத்தை.”

பிள்ளைகள் பசியிலேயே தாய் மடியில் சரிந்து தூங்கிப்போயினவாம். நிழல் பந்தியைத் தாண்டிப் போயிற்றாம். பாட்டு முடிந்ததாம். முடிந்த பாட்டை மறுபடி முதலிலிருந்து பாடினார்களாம். ஒருத்தர்கூட எழுந்து போகவில்லையாம். ஒருத்தர்கூட, போதும் பரிமாறு என்று சொல்லவில்லையாம். பட்டினி கிடந்த ஜனம், ஸ்டான்லி. சோறு கண் முன்னே இருக்கிறது. ஆனாலும் அவளை அங்கே தனியாக விட்டுவிட்டுத் தின்ன யாருக்கும் கை வரவில்லையாம்.

மறுபடி ஒரு சரணம் முடிந்தது. “ஏட்டி, இருக்கியா?”

பதில் இல்லை.

“ஏட்டி. ஏட்டி பரிபூரணம்.”

பதில் இல்லை. முதுகில் பாரம் அழுந்தியதாம். தலை பின்னால் வந்து கிழவி தோளில் தொங்கியதாம். கிழவி வாயில் அடித்துக்கொண்டாளாம். ஐயோ, என் வீட்டு விளக்கே, நான் உன்னை ஒரு நாளாவது நல்ல வார்த்தை சொல்லிக் கூப்பிட்டேனா என்று ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாளாம். பெண்டுகள் ஓடிவந்து சூழ்ந்தார்களாம். தங்கக்கனி குழந்தையோடு மண்ணில் விழுந்து அழுதாளாம். உபதேசியார் வந்து குனிந்து, அவள் முகத்துக்குப் பக்கத்தில் காதை வைத்தாராம். வைத்தவர் நிமிரவில்லையாம். எல்லாரும் அவர் முதுகையே பார்த்தார்களாம். அந்த முதுகு குலுங்கியதாம்.

அழுகிறார் என்று நினைத்தார்களாம். அவர் சிரிக்கிறாராம்.

குறட்டை. அந்த மகராசி தூங்கிவிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறு நிறைந்திருக்கிறது, சாய ஒரு முதுகு கிடைத்திருக்கிறது, பாட்டு வேறு படிக்கிறார்கள், நெஞ்சில் ஒரு பாரமும் இல்லை. தூக்கம் வராமல் என்ன செய்யும்? சாவு வருகிறதா, வருகிறதா என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்க, வந்தது தூக்கம். கிழவி ஒப்பாரியைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஊரார் முன்னால் என்னை அழவைத்தாளே என்று ஒரு வசவு வைத்தாளாம். வைத்துவிட்டு, எழுப்பப் போனவர்கள் கையை எல்லாம் தட்டிவிட்டாளாம். அவள் தூங்கட்டும், ஒருத்தரும் தொடக் கூடாது என்றாளாம். தான் அசைந்தால் அவள் விழித்துவிடுவாள் என்று, தன் பங்குச் சோற்றையும் உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவரச் சொல்லித் தின்றாளாம்.

இல்லை, இல்லை, தப்பாகச் சொல்லிவிட்டேன். கிழவி தின்றது பிறகு. முதலில் இலையை நீட்டினவர் உபதேசியார். எனக்கு முதலில் போடுங்கள், நான் அவளிடம் சொன்ன சொல்லுக்கு நான் முதலில் தின்னணும் என்றாராம். தின்றாராம். பிறகு ஊர் தின்றதாம். பிள்ளைகளைத் தட்டி எழுப்பித் தின்னக் கொடுத்தார்களாம். அன்றைக்கு ஒருத்தருக்கும் ஒரு தலைவலிகூட வரவில்லையாம்.

விழுந்தது என்ன என்று கேட்பாய். கேட்காத ஆள் இல்லை. அண்டாவைச் சுரண்டும்போது ஒரு ஓலை நுனி கிடந்தது என்று தெற்குத் தெருக்காரர்கள் சொல்லுவார்கள். பல்லிதான் கிடந்தது, ஆண்டவர் விஷத்தை எடுத்துவிட்டார் என்று வடக்குத் தெருக்காரர்கள் சொல்லுவார்கள். போன தலைமுறையில் இதற்காக அடிதடிகூட நடந்தது. என்னைக் கேட்டால் ஒன்றும் கிடைக்கவில்லை என்பேன். ஒன்றும் கிடைக்காமல் போனால் என்ன குறைந்துபோயிற்று? ஓலையாக இருந்தாலும் அவள் சொல்லியிருக்கணும். பல்லியாக இருந்தாலும் சொல்லியிருக்கணும். அவளுக்குத் தெரிந்தது ஒன்று விழுந்தது என்பதுதான். அதைச் சொன்னாள்.

அடுத்த வருஷம் கண்டிக்குப் போன ஆம்பிளைகளில் பாதிப் பேர் திரும்பி வந்தார்களாம். அசனத்துக்குத் துடுப்பைக் கேட்டார்களாம். ஊர் கொடுக்கவில்லையாம். ஆக்குகிறவர் முதலில் தின்னணும், ஊர் நின்று பாடணும், சம்மதமா என்று கேட்டார்களாம். சம்மதம் என்றவரிடம்தான் துடுப்பைக் கொடுத்தார்களாம். அன்று முதல் இன்று வரைக்கும் அப்படித்தான். ஆணோ பெண்ணோ, ஆக்கினவர் நடுவில் உட்கார்ந்து மேலே ஒரு அகப்பை, நடுவே ஒரு அகப்பை, அடியிலே ஒரு அகப்பை தின்னணும். தின்று முடிக்கிற வரைக்கும் அதே கீர்த்தனையை எல்லாச் சரணமும் பாடணும்.

இன்னொன்றும் பாருங்கள். இத்தனை பெரிய கோவில் கட்டினோம், மணிக்கூண்டு கட்டினோம், பாதிரியாருக்கு மாடி வீடு கட்டினோம். அசன அடுப்புக்கு மட்டும் கூரை இல்லை. அந்த ஓலைக் கொட்டகையை மறுநாளே பிரித்துப் போட்டவள் பரிபூரணம்தானாம். மழை விழட்டும், இலை விழட்டும், காக்கை எச்சம் விழட்டும், விழுகிறது தெரிகிற மாதிரி விழட்டும், அண்டாவை மேலே இருக்கிறவர் நேரே பார்க்கட்டும் என்றாளாம். வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் எத்தனையோ தடவை தகரக் கூரை போட்டுத் தருகிறோம் என்றார்கள். ஊர் வேண்டாம் என்றது. அந்த இடத்துக்கு வான்பார்த்த அடுப்பு என்றுதான் பேர்.

இதோ, அண்டாவை இறக்கிவிட்டார்கள். எழுந்திருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நில் ஸ்டான்லி, போனை உள்ளே வை. இந்த வருஷம் ஆக்கினவள் தின்பாள், நாம் பாடுவோம். பாட்டு முடிந்ததும் அவள் எழுந்து துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒன்று கேட்பாள். அன்றைக்கு விழித்தெழுந்த பரிபூரணம், மிச்சம் இருந்த ஜனத்துக்குப் பரிமாறப் போகுமுன் கேட்டதுதான் அது. அப்போது இந்தக் கூட்டத்தில் ஒரு வளையல்கூடச் சத்தம் போடாது. அரிசி களைந்தவர்கள், காய் நறுக்கினவர்கள், பிடியரிசிக் கலயத்தில் கைவைத்தவர்கள், ஒன்றும் செய்யாமல் குறை மட்டும் சொன்னவர்கள், எல்லாரும் அவரவர் நெஞ்சுக்குள்ளே ஒரு தரம் இறங்கி ஏறி வருவோம். ஒருத்தரும் பதில் சொன்னதாக நான் கேட்டதில்லை. ஆனாலும் அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துத்தான் கேட்பாள்:

“ஆண்டவர் பாத்துக்கிட்டிருக்காரு. யாரு கண்ணுலயாவது, யாரு மனசுலயாவது ஏதாவது கெடந்தா, பந்தி வைக்கதுக்கு முன்னால சொல்லிருங்க மக்களே.”